வாசலுக்கு வலப்பக்கம்

அமிர்தம் இடப்பக்கம் திரும்பிவிட்டாள். "வாசல்ல கால வச்சா நீங்க போட்ட படம்தான் அங்கிள், தப்பவே முடியாது" என்று படம் போடச் சொல்லித்தரும் பியூலா டீச்சர் போனில் சொன்னதை நம்பி, வலப்பக்கச் சுவரின் முதல் படத்துக்கு நேராக அவளைக் கொண்டுவந்து நிறுத்திய தணிகாசலம் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார். அவள் காலை வைத்தாள், ஒயர் கூடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள், கொஞ்சமும் யோசிக்காமல் இடப்பக்கம் போய்விட்டாள். ஏன் போக மாட்டாள், கந்தகோட்டத்திலிருந்து நேரே கூட்டி வந்தால் வேறெப்படிப் போவாள்? நெற்றியில் திருநீறு இன்னும் உதிரவில்லை, கூடையில் தேங்காய் மூடி இருக்கிறது, கால் இன்னும் பிரகாரத்தில்தான் இருக்கிறது. நாலு சுவரும் ஒரு கூரையும் உள்ள எந்த இடமானாலும் அவள் இடப்பக்கம் தொடங்கி வலம்தான் வருவாள், கல்யாண மண்டபத்தில் பந்திக்குப் போவதுகூட அப்படித்தான். இப்போதும் வாசலில் செருப்பைக் கழற்றியவளிடம் "போட்டுக்கினே போலாம்மா" என்று செக்யூரிட்டி சொல்லச் சொல்ல, "இருக்கட்டும் தம்பி" என்று ஓரமாக வைத்துவிட்டு, புருஷனையும் ஒரு பார்வை பார்த்துக் கழற்ற வைத்தவள். வருஷக்கணக்காகக் கண்டக்டர் வேலை பார்த்து, எந்த ஜனம் எந்த வாசலில் ஏறும், எந்த வாசலில் இறங்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய மனுஷனுக்குத் தன் பெண்டாட்டி எந்தப் பக்கம் திரும்புவாள் என்று தெரியாமல் போயிற்று. கூடம் பெரிய கூடம். மூன்று சுவரையும் முடித்துவிட்டுத்தான் அவள் நாலாவது சுவருக்கு வருவாள்.

நடுவில் கிடந்த மர பெஞ்சில் உட்கார்ந்தார். உட்கார முடியவில்லை, எழுந்தார். எழுந்து நின்றால் சந்தேகப்படுவாள் என்று மறுபடி உட்கார்ந்தார். மேலே நீளக் கம்பியில் தொங்கிய மின்விசிறிகள் சுற்றின, காற்று என்னவோ அவர் வரைக்கும் இறங்கவில்லை. இந்தக் கட்டடத்துக்குள் அவர் காலெடுத்து வைப்பதே இப்போதுதான். சிவப்புச் செங்கல், ஆள் உயரத்துக்கு மூன்று மடங்கு ஜன்னல்கள், வளைவுக்கு மேலே பச்சையும் மஞ்சளுமாகக் கண்ணாடி. முன்பு தந்தி ஆபீஸாக இருந்தது, இப்போது நகரத்து ஜனங்கள் காசு கொடுக்காமல் படம் பார்க்கிற இடம். இதன் வாசலில் நாளெல்லாம் "தந்தியாபீஸ்லாம் எறங்கு, தந்தியாபீஸ்" என்று கத்தியிருக்கிறார். யார் யாரையோ இங்கே இறக்கிவிட்டிருக்கிறார். தான் ஒருநாளும் இறங்கியதில்லை. படியேறும்போது அமிர்தம் சொன்னாள்: "எங்கப்பா போன தந்தி இங்கேர்ந்துதான் நம்மூட்டுக்கு வந்திருக்கும். நல்ல சேதி ஒண்ணாச்சும் வந்திருக்குமா இந்தக் கட்டடத்துலேர்ந்து?" வரும் வரும், உள்ளே வா, என்று சொல்ல வாய் துடித்தது. காலையில் சவரம் செய்யும்போதே கண்ணாடியைப் பார்த்து முடிவு செய்தாகிவிட்டது: நானாக வாயைத் திறக்கக் கூடாது. அவளாகப் பார்க்க வேண்டும், அவளாகக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுகொள்ளாமல் தாண்டிப் போனாளானால் இது நமக்கு ஆகாத வேலை என்று பிரஷ்ஷைக் கழுவி டீச்சரிடம் கொடுத்துவிட்டு, இத்தனை நாள் பொய்யாகச் சொல்லிவந்த நடைப்பயிற்சிக்கு இனி நிஜமாகவே போவது. கோபித்துக்கொண்டாளானால் இன்றைக்கே படத்தைச் சுவரிலிருந்து இறக்குவது. சந்தோஷப்பட்டாளானால், என்று நினைத்ததும் பிளேடு தாடையில் லேசாகக் கீறிவிட்டது. அதற்கு மேல் என்ன செய்வதென்று அவர் யோசித்து வைக்கவில்லை.

"மழைக்கு முன்னே. ஓவியர், சாந்தகுமாரி" என்றாள் அமிர்தம், கூடம் முழுக்கக் கேட்கும்படி. ஐயோ, இது வேறு. கண்புரை எடுத்ததிலிருந்து எழுத்து என்று எது கண்ணில் பட்டாலும் வாய்விட்டுப் படிக்கிறாள். கடைப் பலகை, மாத்திரை அட்டை, ஆட்டோவின் முதுகு, எதையும் விடுவதில்லை. ஐந்தாம் வகுப்பில் நின்ற படிப்பை விட்ட இடத்திலிருந்து தொடர்கிற மாதிரி, ஒவ்வொரு எழுத்தாக இல்லை, ஒரே மூச்சில், வகுப்புக்கே படித்துக் காட்டுகிற குரலில் படிக்கிறாள். "மீன் சந்தை. ஓவியர், அந்தோணி ராயன்." படத்துக்கு முகத்தைக் கொண்டுபோனாள். "நல்லாதான் வரைஞ்சிருக்காரு. மீனுதான் நேத்து மீனு. கண்ணு உள்ள போயிடுச்சி பாருங்க." பக்கத்தில் தோளில் பையோடு நின்ற கல்லூரிப் பெண் ஒருத்தி திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அமிர்தத்துக்கு அது போதும். இனி அந்தப் பெண்ணுக்கும் சேர்த்துப் படிப்பாள். அடுத்தது வெறும் நீலம், நடுவில் வெள்ளைத் திட்டு. "இதுல ஈரம் ஏறிடுச்சாம்மா?" "இல்ல ஆன்ட்டி, அது அப்பிடித்தான்." "அப்பிடித்தான்னா சரி." தணிகாசலம் நகத்தைக் கடித்தார். கடித்த நகத்தில் ஒருநாள் பச்சை ஒட்டிக்கொண்டிருந்தது. சோற்றில் கை வைக்கும்போது அமிர்தம் அதைப் பார்த்துவிட்டு "இன்னா இது?" என்று கேட்டாள். பார்க் பெஞ்சுக்குப் பெயிண்ட் அடிச்சிருக்காங்க, தெரியாம உக்காந்துட்டேன் என்றார். பெஞ்சில் எவன் நகத்தால் உட்காருவான்? அவள் குழம்பை ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள். அப்படிப் போகிறபோதுதான் அவர் மறுபடி அவளுடைய அந்த முதுகைப் பார்த்தார்.

முதுகு அவருக்குத் தெரிந்த விஷயம். நெரிசலில் நுழைந்து நுழைந்து டிக்கெட் கிழித்தவனுக்கு ஜனங்கள் என்றால் முதுகுதான், முகம் அப்புறம். வேலைக்குப் போகிற முதுகு வேறு, வேலை போன முதுகு வேறு. ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் இறங்குகிற முதுகை ஏறும்போதே சொல்லிவிடுவார். டிக்கெட் எடுக்காத முதுகு அவர் வருவதற்கு முன்னாலேயே ஜன்னல் பக்கம் சாய்ந்துவிடும். இத்தனை முதுகையும் படித்தவர் வீட்டில் இருந்த முதுகைப் படித்ததில்லை, பார்த்ததுகூட இல்லை. விடிவதற்குள் டிப்போவுக்குப் போய்விடுவார், திரும்பி வரும்போது அவள் கதவைத் திறந்தபடி முகம் காட்டி நிற்பாள். ஓய்வு பெற்ற மறுவாரம், காலை பத்து மணிக்கு, செய்ய ஒன்றுமில்லாமல் பின்கட்டுக் கதவருகே வந்தபோதுதான் கண்டார். துணி துவைத்துக் கொடியில் போட்டு முடித்திருந்தாள். வலது கை மேலே கொடியைப் பிடித்திருந்தது, இடது கை இடுப்பில், புடவை முழங்காலுக்குக் கீழே வரை தூக்கிச் செருகியிருந்தது, ஜாக்கெட் வேர்வையில் ஒட்டியிருந்தது. எதிரே பக்கத்து வீட்டுச் சுவரைத் தவிர வேறொன்றும் கிடையாது. அந்தச் சுவரைப் பார்த்தபடி அவள் நின்றாள். சும்மா நின்றாள். இவள் சும்மா நிற்பாள் என்பதே அவருக்குச் சேதி. எவ்வளவு நேரம் நின்றாளோ, அவரும் அவ்வளவு நேரம் நின்றார், இருமக்கூட இல்லை. என்ன நினைத்துக்கொண்டிருந்தாள்? கேட்டிருக்கலாம். இன்னாம்மே யோசிக்கிற என்று ஒரு வார்த்தை. கேட்டுப் பழக்கமில்லை. உப்புக் கம்மி, உப்பு ஜாஸ்தி, பையன் போன் பண்ணானா, கரண்ட் வந்துச்சா, இவ்வளவுதான் அவர்கள் பேசிக்கொண்டது, இதுவே ஒரு ஆயுசுக்குப் போதுமானதாக இருந்தது. அன்றைக்குப் போதவில்லை. அப்புறம் ஒருநாள் பூங்காவில் தண்ணீர் குடிக்க ஒதுங்கிய நூலக அறையில் பியூலா டீச்சர் யார் யாருக்கோ படம் போடச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தது. "உக்காருங்க அங்கிள், சும்மா ஒரு கோடு போடுங்க" என்றது. முதல் கோடே அந்தக் கொடிதான்.

"காலு வலிக்குது" என்றாள் அமிர்தம். இரண்டாவது சுவரின் மூலை. தணிகாசலத்துக்கு உயிர் போய் வந்தது. "போலாங்களா? எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்குது." எப்படி ஒரே மாதிரி இருக்கும்? எது ஒரே மாதிரி இருக்கிறது? "இன்னும் கொஞ்சந்தான்" என்றார். குரல் எங்கிருந்தோ, அவருடையதாகவே இல்லாமல், கீச்சென்று வந்தது. "வந்தது வந்துட்டோம். சுத்தைப் பாதியில உடக் கூடாது." இதை எப்படித்தான் சொன்னாரோ, யார் நாக்கில் வந்து உட்கார்ந்து சொல்ல வைத்தார்களோ. சுற்றைப் பாதியில் விடக் கூடாது என்பது அமிர்தத்தின் சட்டம். முகத்தில் ஒரு திருப்தியோடு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "இன்னா, மூஞ்செல்லாம் வேர்த்துக் கெடக்குது? பிரஷர் மாத்திர போட்டீங்களா?" போட்டேன் என்று தலையை ஆட்டினார். போடவில்லை, மறந்துவிட்டார், பரவாயில்லை, இன்றைக்கு ரத்தம் எந்த வேகத்தில் ஓடினாலும் ஓடட்டும். மூன்றாவது சுவர். "தூங்கும் ரிக்‌ஷா. ஓவியர், ஜபருல்லா." "மாமியாரின் மூக்குத்தி. ஓவியர், சுகிர்தா." இதற்கு நின்றாள். நிறைய நேரம் நின்று, அந்தப் பெண்ணிடம் எதையோ மெதுவாகச் சொல்லி, இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சிரிக்கட்டும், இந்தச் சிரிப்பு மாறாமல் அப்படியே நாலாவது சுவருக்கு வரட்டும். "ஓவியர்" என்கிற வார்த்தையை எவ்வளவு அழகாகச் சொல்கிறாள், அதற்கப்புறம் சின்னதாக ஒரு மூச்சு விட்டு, பெயர். ஓவியர், பெயர். ஓவியர், பெயர். அப்போதுதான் தணிகாசலத்துக்கு உறைத்தது. பெஞ்சின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

பெயர். அவருடைய படத்துக்குக் கீழேயும் அட்டை இருக்கிறது. அட்டையில் அவருடைய பெயர் இருக்கிறது. அமிர்தம் அவர் பெயரைச் சொல்ல மாட்டாள். கல்யாணமான நாளிலிருந்து சொன்னதில்லை. ஏங்க, இந்தாங்க, சத்தம் கேக்குதா, பையன் பிறந்ததும் ராஜனோட அப்பா, இப்படியே ஓட்டிவிட்டாள். பெயரை மட்டுமா, அந்தப் பெயர் ஒட்டியிருக்கிற எதையும் வாயில் விட மாட்டாள். திருத்தணிக்குப் போக வேண்டுமென்றால் "அரக்கோணத்துக்கு அந்தாண்ட இருக்கிற முருகனைப் பாத்துட்டு வரலாம்" என்பாள். அவருக்குக் குடல்வால் வெடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றைக்கு நர்ஸ் பேனாவும் கையுமாக "பேஷண்ட் பேரு?" என்று கேட்க, வலியில் சுருண்டு கிடந்தவருக்கு இவள் பாடு அதைவிட வலித்தது. "முருகன் பேருதாம்மா." "முருகனா?" "முருகன் இல்ல, முருகனோட மலை." "பழனியா?" "இல்ல, இந்தாண்ட." "சாமிமலையா?" "அய்யோ, கிட்டத்துலம்மா, ரயில்ல போனா பொழுதுக்குள்ள வந்துரலாம்." சுவரில் தொங்கிய காலண்டரை ஓடிப்போய்க் காட்டினாள், அதில் திருச்செந்தூர் போட்டிருந்தது. கடைசியில் ஸ்ட்ரெச்சரிலிருந்து அவரே கத்திச் சொன்னார். அப்போது எரிச்சலாக வந்தது, அப்புறம் பஸ்ஸில் அதைச் சொல்லிச் சொல்லி டிரைவரைச் சிரிக்க வைத்தார். தானும் சிரித்தாரே தவிர, உள்ளுக்குள் ஒன்று இருக்கத்தான் செய்தது. டிப்போவில் எல்லோரும் தணி, தணி என்று கூப்பிட்டார்கள். பயணிகள் கண்டக்டர் என்றார்கள். ஆத்தா போன பிறகு அந்த முழுப் பெயரை வீட்டுக்குள் சொல்ல ஆளில்லை. ஒரு மனுஷனுக்குத் தன் பெயரைத் தன் வீட்டில் கேட்க ஆசை இருக்காதா? இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், நிறையவே இருந்தது. இப்போது அவள் என்ன செய்வாள்? தலைப்பைப் படித்து, ஓவியர் என்று சொல்லி, மூச்சு விட்டு, அப்புறம்? பெயரைப் பார்த்து அவராக இருக்கும் என்று நினைப்பாளா, ஊரில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் என்று தாண்டிவிடுவாளா? அவள் தாண்டித்தான் போவாள் என்று ஒரு மனசு அடித்துச் சொன்னது. ராஜனோட அப்பா பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவர், அவர் எங்கே, ஓவியர் எங்கே.

நாலாவது சுவர். மறுகோடியிலிருந்து வருகிறாள், இடையில் இன்னும் சில படங்கள்தான். வெள்ளை நூல். கடவுளே, வெள்ளை நூல். பச்சை ஜாக்கெட்டில் தோளுக்குக் கீழே கிழிந்திருந்ததை அவள் வெள்ளை நூலால் தைத்திருந்தாள். அவர் அதையும் அப்படியே போட்டுவைத்தார். "அந்த வெள்ளைக் கோடு எதுக்கு அங்கிள், எடுத்துரலாமா?" என்று டீச்சர் கேட்டபோது வேண்டாம், அது இருக்கட்டும் என்று பெரிய இவன் மாதிரி சொன்னார். அதைத்தானே அவள் முதலில் பார்ப்பாள். வெளியில் போகும்போது தலைப்பை இழுத்து முதுகை மூடாமல் வாசப்படி தாண்டாதவளை, ஒட்டுப்போட்ட ஜாக்கெட்டும் செருகின புடவையுமாகக் கூடத்தில், ஜன்னல் வெளிச்சம் விழுகிற இடத்தில் மாட்டக் கொடுத்திருக்கிறார். எவனெவனோ வந்து பார்க்கிறான். என்னைக் கேட்டீங்களா? என்று ஒரு கேள்வி கேட்டாளானால்? கேட்கவில்லைதான். கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பாள். வேண்டாம் என்றிருந்தால் அந்தக் காலை பத்து மணி அவருக்குள்ளேயே கிடந்து அழுகியிருக்கும். எழுந்து ஓடிப்போய், போதும் வா, கால் வலிக்குதுன்னியே, ஆட்டோ பிடிக்கலாம் என்று கையைப் பிடித்து இழுத்துவிடலாமா? இன்னும் நேரம் இருக்கிறது. எழுந்தார். பயம்தான், பயமேதான், ஆனால் அதன் அடியில் ஒன்று துள்ளுகிறது, முதல் முதலில் விசில் கொடுத்துப் பெரிய பஸ்ஸை நகர வைத்த அன்றைக்குத் துள்ளிய அதே துள்ளல். வண்டி கிளம்பிவிட்டது, இனி நிறுத்தச் சொல்ல முடியாது. உட்கார்ந்துவிட்டார்.

அமிர்தம் வந்து நின்றாள். பெஞ்சிலிருந்து அவளுடைய முதுகு தெரிந்தது, முதுகுக்கு மேலே சுவரில் அவளுடைய முதுகு. கால் வலிக்கு ஆறுதலாக இடது கையை இடுப்பில் ஊன்றினாள். படத்திலும் இடது கை இடுப்பில் இருந்தது. கல்லூரிப் பெண் படத்தைப் பார்த்தாள், அமிர்தத்தைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள், வாய் லேசாகத் திறந்தது. அவளுக்குத் தெரிந்துவிட்டது. அமிர்தத்துக்குத் தெரியவில்லை, எப்படித் தெரியும், யார் தன் முதுகைப் பார்த்திருக்கிறார்கள்? முகத்தை அட்டைக்குக் கிட்டே கொண்டுபோய், அதே வகுப்புக் குரலில், "காலை பத்து மணி" என்று படித்தாள். "ஓவியர்" என்றாள். மூச்சு விட்டாள். மின்விசிறிச் சத்தம் கேட்டது. அவள் மெதுவாகத் தலையைத் தூக்கிப் படத்தைப் பார்த்தாள். கொடியைப் பார்த்தாள், பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்தாள், பார்வை தோளுக்குக் கீழே வந்து அங்கேயே நின்றது. அவளுடைய வலது கை தானாகப் பின்னால் போய், சுற்றிவந்ததில் சரிந்திருந்த தலைப்பைத் தேடி, இழுத்து, முதுகை மூடிக்கொண்டது. தணிகாசலம் கண்ணை மூடிக்கொண்டார். முடிந்தது. இன்றைக்கே இறக்கிவிடலாம். செக்யூரிட்டியிடம் சொன்னால் ஏணி கொடுப்பார்.

"பேரு படிக்கலியே ஆன்ட்டி?" என்றாள் அந்தப் பெண், மிகவும் மெதுவாக.

"பச்சை நூலு தீந்து போயிருந்துச்சும்மா" என்றாள் அமிர்தம். "நாளைக்குக் கடைக்குப் போம்போது வாங்கிக்கலாம்னு வெள்ளையிலயே போட்டுட்டேன். யாரு பாக்கப் போறான்னு." அப்புறம், "பாத்திருக்காரு" என்றாள்.

தணிகாசலம் கண்ணைத் திறந்தார். அவள் இன்னும் திரும்பவில்லை. தலைப்பைப் பிடித்திருந்த கை தளர்ந்து, தலைப்பு நழுவி, பழையபடி விழுந்தது. அவள் அதை மறுபடி இழுத்துக்கொள்ளவில்லை. "பார்க் பெஞ்சுக்குப் பெயிண்ட் அடிச்சாங்களாம்" என்று படத்திடம் சொன்னாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று முதுகைப் பார்த்துச் சொல்லக்கூடியவர், எத்தனையோ ஆயிரம் முதுகைப் படித்தவர், இந்த ஒரு முதுகைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாமல் உட்கார்ந்திருந்தார். தோள் குலுங்கியது, அவ்வளவுதான் தெரிந்தது. அவள் மூக்கை உறிஞ்சினாள். ஒயர் கூடையைக் கீழே வைத்தாள். குனிந்து அட்டைக்கு நேராக முகத்தைக் கொண்டுபோய், தொண்டையைச் செருமி, கூடம் முழுக்கக் கேட்கும்படி, ஒரே மூச்சில், எழுத்து எழுத்தாக இல்லாமல், படித்தாள்.

"ஓவியர், தணிகாசலம்."

அவர் எழுந்து நின்றுவிட்டார். எப்போது எழுந்தார் என்று தெரியவில்லை. நின்றதும் அல்லாமல், பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி "ம்?" என்று வேறு சத்தம் கொடுத்துவிட்டார்.

அமிர்தம் திரும்பினாள். கண்ணும் மூக்கும் சிவந்து போய், வாயெல்லாம் சிரிப்பாக இருந்தது.

"உங்களை யாரு கூப்ட்டாங்க? எழுதியிருக்கறதைப் படிச்சேன்" என்றாள். "காதுல சரியா உழலைன்னா சொல்லுங்க, இன்னொரு தபா படிக்கிறேன்."